பிள்ளைக்காகப் பேச ஒருவர்: இங்கிலாந்துக் குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாவலரின் நேற்றும் நாளையும்



சென்ற மாதம் வழமையான வருமான வரி நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிவாங்கியை மூடும் நேரத்தில், ஒரு அம்மா தொலைபேசியில் காத்திருப்பதாகச் சொன்னார்கள். எடுத்தேன். "தம்பி, இது ராக்ஸ் கேள்வி இல்லை. கோட்டால ஒரு பொம்பிளை வரப்போறாவாம், பேத்தியோட தனியக் கதைக்க. கார்டியன் எண்டு சொல்லுகினம். கதைக்க விடலாமோ?" என்று கேட்டார்.

நான் சட்டத்தரணி அல்ல, கணக்காளன். ஒரு சொலிசிட்டரிடம் உடனே போங்கள் என்று சொல்லி, இலவச ஆலோசனை கிடைக்கும் வழியையும் சொல்லிவிட்டு வைத்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இதே கேள்வியை 1998ஆம் ஆண்டு இன்னொருவர் என்னிடம் கேட்டிருந்தார். அப்போது நான் யோசிக்காமல் ஒரு பதில் சொன்னேன். அது பிழையான பதில். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், இந்தக் கார்டியன் என்பவர் யார், எங்கிருந்து வந்தார், இனி என்ன ஆவார் என்பதை ஒழுங்காகப் பார்ப்போம். அதுவே இந்த மாத உரை.

பிள்ளை இல்லாத வழக்கு

பழைய ஆங்கிலச் சட்டத்தில் பிள்ளை தகப்பனுக்கு உரியது. தாய்க்குக்கூட உரிமை கிடையாது. கரோலின் நோர்ட்டன் என்ற எழுத்தாளரின் மூன்று ஆண்பிள்ளைகளையும் கணவர் எடுத்துச் சென்றுவிட்டார். அந்தத் தாய் நடத்திய போராட்டத்தின் பலனாக 1839இல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் தரும்படி தாய் நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்ற அளவுக்கு அது வழிவிட்டது. 1886இல் தாயின் உரிமை இன்னும் கொஞ்சம் விரிந்தது. 1925இல்தான் பிள்ளையின் நலனே முதன்மையானது என்று சட்டம் எழுத்தில் சொன்னது.

இவையெல்லாம் நல்ல முன்னேற்றங்கள். ஆனாலும் நீதிமன்றத்தில் இருந்தவர்கள் தாயும் தகப்பனும்தான். பிள்ளையின் நலன் என்ன என்பதை அவர்கள் இருவரும் தத்தம் பக்கமாகச் சொன்னார்கள். நீதிபதி அதைக் கேட்டு முடிவு செய்தார்.

ஒரு இடத்தில் வேறு ஏற்பாடு இருந்தது. 1926ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம், தத்துக் கேட்கும் வழக்குகளில் பிள்ளையின் நலனைக் காக்க ஒரு பாதுகாவலரை நீதிமன்றம் நியமிக்க வேண்டும் என்றது. அதற்கான பெயர் லத்தீனில் 'கார்டியன் அட் லைட்டம்'. அந்த ஒரு வழக்குக்காக மட்டும் நியமிக்கப்படும் பாதுகாவலர் என்பது பொருள். பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்பவர் அல்ல. பிள்ளைக்கு அவர் உறவும் அல்ல. வழக்கு முடிந்தால் அவரது வேலையும் முடிந்தது.

மரியா என்ற சிறுமி

இந்தக் கதையைத் திருப்பியது ஒரு சாவு. மரியா கோல்வெல் என்ற சிறுமி 1965இல் பிறந்தாள். பிறந்து சில மாதங்களில் தகப்பன் இறந்துவிட்டார். அவள் தகப்பனின் சகோதரியான மாமியின் வீட்டில் வளர்ந்தாள். ஏறக்குறைய ஆறு வருடங்கள் அதுவே அவளது வீடு. பிறகு தாய் அவளைத் திருப்பிக் கேட்டார். அவள் போக விரும்பவில்லை. அழுது அடம்பிடித்தாள்.

1971இல் வழக்கு சிறுவர் நீதிமன்றத்துக்கு வந்தது. தாய் ஒரு பக்கம். மறுபக்கம் இருக்க வேண்டிய கவுன்சில் எதிர்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஒத்துப்போய்விட்டதால் விவாதிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த அறையில் மரியாவின் விருப்பத்தை எடுத்துச் சொல்ல எவரும் இருக்கவில்லை. அவள் தாயிடம் அனுப்பப்பட்டாள். 1973 ஜனவரியில், எட்டு வயது நிறையுமுன், சிறிய தகப்பனால் அடித்துக் கொல்லப்பட்டாள். அயலவர்களும் பாடசாலையும் பலமுறை முறையிட்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை பல பிழைகளைச் சுட்டிக்காட்டியது. பெரியவர்கள் எல்லோரும் ஒத்துப்போகும் இடத்தில் பிள்ளைக்காகப் பேச ஒரு தனி ஆள் தேவை என்பதே அதிலிருந்து சட்டம் எடுத்துக்கொண்ட பாடம். 1975ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தில் அந்த ஏற்பாடு எழுதப்பட்டது.

எழுதியதோடு சரி என்று சொல்லலாம். 1976இல் ஒரு சிறு பகுதி மட்டும், அதாவது மரியாவின் வழக்கைப் போல எவரும் எதிர்க்காத வழக்குகளுக்கு மட்டும், நடைமுறைக்கு வந்தது. மற்ற வழக்குகளுக்கு ஆட்களும் பணமும் இல்லை என்று காத்திருந்தார்கள். 1984 வரை காத்திருந்தார்கள். நேயர்களே, இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் ஒரு நாளில் நிறைவேறும். அதற்குச் சம்பளம் கொடுக்க ஒன்பது வருடங்கள் போகும். இந்த வரலாறு முழுவதும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

ஒரு கணக்காளனின் பார்வை

என் தொழிலில் கணக்காய்வாளர் என்று ஒருவர் உண்டு. கம்பனியை நடத்துபவர் கணக்கை எழுதுகிறார். அது சரியா என்று பங்குதாரர்களுக்குச் சொல்ல வேறொருவர் வேண்டும். அவர் சுதந்திரமானவரா என்று பார்க்க நாங்கள் மூன்று கேள்விகள் கேட்போம். ஒன்று, அவரை நியமிப்பது யார், காசு கொடுப்பது யார்? இரண்டு, புத்தகங்களைத் திறந்து பார்க்கும் உரிமை அவருக்கு உண்டா? மூன்று, வேலையை ஒழுங்காகச் செய்ய அவருக்கு நேரம் கொடுக்கப்படுகிறதா? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அவர் போடும் கையெழுத்துக்குப் பெறுமதி குறைவு.

பிள்ளைக்கான பாதுகாவலரையும் இந்த மூன்று கேள்விகளோடு பார்த்தால் வரலாறு தெளிவாக விளங்கும்.

1984இல் ஒவ்வொரு பகுதியிலும் பாதுகாவலர் குழுக்கள் அமைக்கப்பட்டன. அனுபவமுள்ள சமூக சேவையாளர்கள் அதில் இருந்தார்கள். வழக்குத் தொடுத்த கவுன்சிலில் வேலை செய்பவர் அந்த வழக்கில் பாதுகாவலராக இருக்க முடியாது. நல்ல விதி. ஆனால் குழுவை நிர்வகித்ததும் அதற்குப் பணம் கொடுத்ததும் கவுன்சில்களே. பிள்ளையை எடுக்கக் கேட்பதும் கவுன்சில், அதைச் சரிபார்ப்பவருக்குக் காசோலை எழுதுவதும் கவுன்சில்.

இடையில் 1987இல் வடகிழக்கு இங்கிலாந்தின் கிளீவ்லாந்தில் இன்னொரு விடயம் வெடித்தது. சில மாதங்களுக்குள் 121 பிள்ளைகள் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாக வைத்தியர்கள் முடிவுகட்ட, பலர் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் பின்னர் வீடு திரும்பினார்கள். மரியாவின் வழக்கில் அரசு தலையிடாமல் விட்டது. கிளீவ்லாந்தில் அளவுக்கு மீறித் தலையிட்டது. இரண்டிலும் பிள்ளையிடம் எவரும் ஆறுதலாக இருந்து கேட்கவில்லை. நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லொஸ் 1988இல் தந்த அறிக்கை, பிள்ளையையும் ஒரு மனிதப் பிறவியாக நடத்த வேண்டும் என்று வற்புறுத்தியது.

இந்த இரண்டு அனுபவங்களும் சேர்ந்து 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்துக்குள் போயின. 1991 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. பிள்ளையை எடுக்கக் கவுன்சில் வழக்குப் போட்டால், தேவையில்லை என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால் ஒழிய, பாதுகாவலரை நியமித்தே ஆக வேண்டும் என்கிறது 41ஆம் பிரிவு. கவுன்சிலின் கோப்புகளைத் திறந்து பார்க்கவும் பிரதி எடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்கிறது 42ஆம் பிரிவு. அதை வாசித்தபோது, கம்பனிச் சட்டத்தில் கணக்காய்வாளருக்கு உள்ள உரிமைதானே இது என்று நினைத்துக்கொண்டேன். ஆக, இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது.

பாதுகாவலர் பிள்ளைக்கென்று ஒரு சொலிசிட்டரையும் அமர்த்துவார். பிள்ளையைப் போய்ப் பார்ப்பார். தாய், தகப்பன், ஆசிரியர், வைத்தியர், உறவினர் என்று பலரோடும் கதைப்பார். பிள்ளை என்ன விரும்புகிறது என்பதையும், பிள்ளைக்கு எது நல்லது என்று தான் நினைக்கிறார் என்பதையும் நீதிபதிக்கு எழுதுவார். இவை இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. அடிக்கும் வீட்டுக்கே திரும்பிப் போகப் பிள்ளை கேட்கலாம். விபரம் தெரிந்த வயதுப் பிள்ளை பாதுகாவலரோடு ஒத்துப்போகாவிட்டால், சொலிசிட்டர் பிள்ளையின் சொற்படி வாதாட வேண்டும். அப்படி ஒரு நுணுக்கமான ஏற்பாடு.

மூன்றாவது கேள்வி நேரம். 1990களின் தொடக்கத்தில் கோர்ன்வோல் கவுன்சில், ஒரு வழக்குக்கு இத்தனை மணித்தியாலங்கள்தான் என்று பாதுகாவலர்களுக்கு ஒரு வரம்பு போட்டது. பாதுகாவலர்கள் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வரம்பு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு வழக்குக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைக் காசு கொடுப்பவர் முடிவு செய்தால் சுதந்திரம் என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை என்பதே அதன் சாரம். இந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்தமானது. காரணம், என் தொழிலிலும் பேரம் பேசுவது எப்போதும் மணித்தியாலத்தில்தான்.

நான் சொன்ன புத்திமதி

இனி 1998க்கு வருகிறேன். குடும்ப நீதிமன்ற விபரங்களை வெளியில் சொல்வதற்குச் சட்டத் தடை இருக்கிறது. ஆகவே ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றியே சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரில் பல இழப்புகளைக் கண்ட தாய்க்கு இங்கே வந்தபின் மனம் பேதலித்துவிட்டது. தகப்பன் இரவு வேலை. ஒன்பது வயது மகனும் நாலு வயது மகளும் பல நாட்கள் தனிய இருந்திருக்கிறார்கள். பாடசாலை கவுன்சிலுக்கு அறிவித்தது. பிள்ளைகள் ஒரு ஆங்கிலக் குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டார்கள். வழக்கும் போடப்பட்டது.

அந்தத் தகப்பன் என்னிடம் வந்தார். நான் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவன், யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் எடுத்தவன், கடிதம் வாசிப்பவன். "அண்ணை, கார்டியன் எண்டு ஒராள் கடிதம் போட்டிருக்கிறா. இவவோட என்ன கதைக்கிறது?" என்று கேட்டார். கடிதத்தைப் பார்த்தேன். முகவரி கவுன்சில் அலுவலகங்கள் இருந்த அதே கட்டடம். "இவவும் அவையின்ர ஆள்தான். ஒண்டும் சொல்லாதேங்கோ. நல்லாயிருக்கிறம் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றேன்.

ஊரில் விசாரிக்க வருபவர்களுக்கு நாங்கள் எப்படிப் பதில் சொல்லிப் பழகியவர்கள் என்று உங்களுக்குத் தெரியும். கேள்வி கேட்பவர் எவராயினும், எழுதிக்கொண்டு போவது எங்களுக்கு எதிராகவே திரும்பும். அந்தப் பயத்தைத்தான் நான் புத்திமதி என்ற பெயரில் கொடுத்தேன்.

தகப்பன் நான் சொன்னபடியே செய்தார். தாயின் வருத்தத்தை மறைத்தார். பேமிங்ஹாமில் இருந்த தாயின் தங்கையைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. வருத்தம் வெளியில் தெரிந்தால் அந்தத் தங்கையின் பிள்ளைகளின் கலியாணம் வரை பேச்சு வரும் என்ற யோசனை. கவுன்சில் தன் திட்டத்தை எழுதியது: உறவினர் எவரும் இல்லை, ஆகவே பிள்ளைகள் நீண்டகாலத்துக்கு வளர்ப்புக் குடும்பத்தில்.

இதை மாற்றியவர் அந்தக் கார்டியன்தான். அவர் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு பையனைப் பார்க்க மூன்று, நான்கு தடவைகள் போயிருக்கிறார். முதல் தடவைகளில் பையனும் "நல்லாயிருக்கிறம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அதுவும் என் புத்திமதிதான், தகப்பன் வழியாகப் போனது. கடைசித் தடவை, விடுமுறைக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டபோது, சித்தி வீடு என்றான். சித்தி புட்டுக்கு மாம்பழம் தருவா என்றான். தங்கச்சி சித்தியோடுதான் படுப்பாள் என்றான்.

அதன்பிறகு கார்டியன் பேமிங்ஹாமுக்குப் போனார். சித்தி அழுதுகொண்டே, தன்னிடம் எவரும் கேட்கவில்லை என்று சொன்னாராம். பாதுகாவலரின் அறிக்கை கவுன்சிலின் திட்டத்துக்கு மாறாக வந்தது. பிள்ளைகள் சித்தியிடம் போனார்கள். தாய்க்கும் ஒழுங்கான வைத்தியம் கிடைத்தது.

ஆனால் இதற்கு ஏழு மாதங்கள் சென்றன. அதில் நாலு மாதம் நாங்கள் வாய் மூடியிருந்ததால் போனது. அந்த நாலு மாதத்தில் சின்னவள் தமிழில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள் என்று தகப்பன் பிறகு என்னிடம் சொன்னார். குறை சொல்லவில்லை. சும்மா சொன்னார். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

என் சந்தேகம் முழுக்க ஆதாரமற்றது என்றும் சொல்ல மாட்டேன். காசு கவுன்சிலிடமிருந்து வந்தது உண்மை. முதலாவது கேள்வியில் அந்த ஏற்பாடு தோற்றிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கோப்பைத் திறக்க உரிமை இருந்தது. நான்காவது தடவையும் போய்ப் பார்க்க நேரமும் இருந்தது. அந்த நான்காவது தடவைதான் பிள்ளைகளைக் காப்பாற்றியது.

கஃப்காஸ் வந்தது

முதலாவது கேள்விக்கு 2001இல் பதில் வந்தது. அந்த ஏப்ரலில் பாதுகாவலர் குழுக்களையும், நன்னடத்தைச் சேவையில் இருந்த நீதிமன்ற நலன்புரி அதிகாரிகளையும், உத்தியோகபூர்வ சொலிசிட்டர் அலுவலகத்தின் சிறுவர் பிரிவையும் ஒன்றாக்கி, கஃப்காஸ் என்ற ஒரே தேசிய அமைப்பை உருவாக்கினார்கள். லத்தீன் பெயரும் போய், பிள்ளையின் பாதுகாவலர் என்ற நேரடிப் பெயர் வந்தது. கவுன்சிலின் காசோலை நின்றது. 2005இல் வேல்ஸுக்குத் தனி அமைப்பு பிரிந்தது.

நோக்கம் நல்லது. தொடக்கம் மோசம். அதுவரை பல பாதுகாவலர்கள் சுயதொழில் செய்தவர்கள். அவர்களை ஊழியர்களாக்கப் பார்த்ததில் தகராறு வந்து, 2001இலேயே வழக்கு நீதிமன்றம் வரை போனது. பாதுகாவலர் சங்கம் வென்றது. ஆனால் அனுபவமுள்ள பலர் விலகிவிட்டார்கள். பாதுகாவலர் கிடைக்காமல் பிள்ளைகள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். 2003இல் பாராளுமன்றக் குழு ஒன்று கஃப்காஸின் நிர்வாகத்தைக் கடுமையாகக் குறைகூறியது.

அது ஒருவாறு சரியாகும் நேரத்தில், 2008 நவம்பரில், வட லண்டனில் கொல்லப்பட்ட 'பேபி பி' என்ற குழந்தையின் செய்தி நாட்டையே உலுக்கியது. கவுன்சில்கள் பயந்தன. 2008-09இல் சுமார் 6,500 ஆக இருந்த வழக்குகள் அடுத்த வருடம் சுமார் 8,800 ஆகின. 2016-17இல் 14,500ஐத் தாண்டின. பாதுகாவலர்கள் அதே விகிதத்தில் கூடவில்லை. 2009இல் சில இடங்களில், ஒரு பிள்ளைக்கு ஒரு பாதுகாவலர் என்பதற்குப் பதிலாக, அன்றைய முறைக்கு வருபவர் பார்க்கும் ஏற்பாடு தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டது. 2010இல் தேசிய கணக்காய்வு அலுவலகமும் பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் கஃப்காஸை ஆராய்ந்து கடும் முடிவுகளைச் சொன்னார்கள். பிறகு நிர்வாகம் திருந்தியது. 2018இல் ஒஃப்ஸ்டெட் பரிசோதகர்கள் மிகச் சிறந்தது என்ற தரத்தை வழங்கினார்கள். அதையும் சொல்வதுதான் நியாயம்.

2014இல் இன்னொரு மாற்றம். பிள்ளையை எடுக்கும் வழக்குகள் 26 வாரங்களுக்குள் முடிய வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு முன் ஓராண்டுக்கு மேல் இழுபட்ட வழக்குகள் அவை. ஒரு குழந்தைக்கு ஓராண்டு என்பது வாழ்நாளில் பெரும் பங்கு. ஆகவே காலக்கெடு தேவைதான். ஆனால் அதோடு சேர்ந்து பாதுகாவலரின் வேலையும் சுருங்கியது. எல்லாக் கூட்டங்களுக்கும் போகத் தேவையில்லை, அவசியமானதை மட்டும் செய்தால் போதும் என்ற போக்கு வந்தது. 2020 பெருந்தொற்றில் பல சந்திப்புகள் திரை வழியாக நடந்தன. நிலுவை குவிந்து, அடுத்த வருடங்களில் வழக்கின் சராசரிக் காலம் மீண்டும் 40 வாரங்களைத் தாண்டியது.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதலாவது கேள்விக்குப் பதில் திருந்திவிட்டது. இரண்டாவது நன்றாகவே இருக்கிறது. மூன்றாவதுதான், அதாவது நேரம்தான், கசிந்துகொண்டிருக்கிறது.

தாயும் தகப்பனும் பிரியும்போது

எமது வீடுகளில் கூடுதலாக வருவது இன்னொரு வகை வழக்கு. கவுன்சில் இல்லை. கணவனும் மனைவியும் பிரிகிறார்கள், பிள்ளை யாரிடம் என்று கேட்டு வருகிறார்கள். இங்கே பிள்ளைக்குத் தானாகவே பாதுகாவலர் கிடைப்பதில்லை. கஃப்காஸ் அதிகாரி பிள்ளையைச் சந்தித்து ஒரு அறிக்கை எழுதலாம். மிகச் சிக்கலான சில வழக்குகளில் மட்டுமே நீதிபதி பிள்ளையையும் ஒரு தரப்பாகச் சேர்த்துப் பாதுகாவலரை நியமிப்பார்.

2005இல் மாபன் என்ற குடும்பத்தின் வழக்கில் 17, 15, 13 வயதுடைய மூன்று சகோதரர்கள், பாதுகாவலர் வழியாக அல்லாமல் தாங்களே சொலிசிட்டரை வைத்துப் பேசக் கேட்டார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை அனுமதித்தது. இந்த நாடு 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது உறுப்புரை, பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. நீதிமன்றம் அந்தத் திசையில் நடந்தது.

ஆனால் 2013 ஏப்ரலில், வீட்டு வன்முறை போன்ற சிலவற்றைத் தவிர, இவ்வகை வழக்குகளுக்கான சட்ட உதவிப் பணம் வெட்டப்பட்டது. தாயும் தகப்பனும் சட்டத்தரணி இன்றித் தாங்களே வாதாட வந்தார்கள். ஆங்கிலம் சரளமாக வராத எம்மவர்களின் நிலையை யோசியுங்கள். அப்படியான அறையில் பிள்ளையின் குரல் இன்னும் கீழே போகும். வீட்டு வன்முறை பற்றி நீதி அமைச்சின் குழு 2020இல் தந்த அறிக்கை, பிள்ளைகள் சொல்வது போதிய அளவு கேட்கப்படவில்லை என்றது. அதன் பலனாக 2022இல் டோர்செட்டிலும் வட வேல்ஸிலும் 'பாத்ஃபைண்டர்' என்ற புதிய முறை தொடங்கி, பின்னர் வேறு இடங்களுக்கும் விரிந்தது. இதில் பெற்றோர் சண்டை பிடிக்கத் தொடங்குமுன்பே பிள்ளையைப் பற்றிய அறிக்கை தயாராகிறது. நான் பார்த்தவரையில் இது நம்பிக்கை தரும் மாற்றம்.

தனியே வந்த பிள்ளைகள்

இன்னொரு கூட்டம் எமக்கு நெருக்கமானது. தாய் தகப்பன் இல்லாமல் ஒரு முகவரோடு விமானம் ஏறி வந்த பிள்ளைகள் எம்மிடையே எத்தனை பேர். இன்று பெரியவர்களாகி எமது வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்கென்று பாதுகாவலர் எவரும் இல்லை.

ஸ்கொட்லாந்தில் 2010இல் தனியே வரும் அகதிப் பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் திட்டம் தொடங்கி, 2015இல் சட்டத்திலும் ஏறியது. வட அயர்லாந்தும் 2015இல் அதற்குச் சட்டம் செய்தது. இங்கிலாந்தில் அதே ஆண்டு வந்த நவீன அடிமைமுறைச் சட்டம், கடத்தப்பட்டதாகக் கருதப்படும் பிள்ளைகளுக்கு மட்டுமே அப்படியான ஆளை ஏற்படுத்தியது. தனியே வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்ற சட்டம் இங்கிலாந்தில் வரவில்லை. எமது அமைப்புகள் தேர்தல் காலத்தில் வரும் வேட்பாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

நாளை என்ன

பாதுகாவலர் என்ற பதவி இல்லாமல் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. சட்டத்தில் அது ஆழமாக இருக்கிறது. நான் பயப்படுவது வேறு விடயத்துக்கு. பெயர் இருக்கும், கையெழுத்து இருக்கும், நான்காவது சந்திப்பு இருக்காது. எங்கள் தொழிலில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கணக்காய்வாளரை எவரும் நீக்குவதில்லை. அவருக்குரிய நாட்களைக் குறைத்துக்கொண்டே போவார்கள். கம்பனி விழுந்தபிறகுதான் அவர் எதையும் பார்க்கவில்லை என்பது தெரியவரும். இங்கே விழுவது பிள்ளை.

பாதுகாவலர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. சுதந்திரமான ஆள்களும் பிழை விடுவார்கள். எம்மவர் வீட்டு நிலைமையை விளங்காமல் எழுதப்பட்ட அறிக்கைகளும் எனக்குத் தெரியும். அதைக் கேள்வி கேட்கச் சட்டத்தரணி வழியாக உங்களுக்கு உரிமை உண்டு. மௌனமாக இருப்பது அந்த உரிமைக்குப் பதிலாகாது.

கடைசியாக, தொலைபேசியில் கேட்ட அம்மாவுக்கும், அவரைப் போன்ற நிலையில் உள்ளவர்களுக்கும். முதலில் சொலிசிட்டரைப் பிடியுங்கள். கவுன்சில் பிள்ளையை எடுக்கப் போடும் வழக்கில் பெற்றோருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. பேரன் பேத்தியரின் நிலை வேறு, ஆகவே கேட்டு அறியுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். உறவினர்களின் பெயர்களை முதல் நாளே கொடுங்கள், தூரத்து உறவாக இருந்தாலும், அவர்களோடு மனஸ்தாபம் இருந்தாலும். வருத்தத்தை மறைக்காதீர்கள். வருத்தத்துக்கு வைத்தியம் இருக்கிறது, போன மாதங்களுக்கு இல்லை. பிள்ளைக்கு எதையும் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கதைக்க விடலாமா என்று கேட்டீர்கள், அம்மா. விடுங்கள். பேத்தி தனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். நீங்கள் பக்கத்து அறையில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருங்கள். அந்தப் பெண் இன்னொரு நாளும் வருவதாகச் சொன்னால் மறுக்காதீர்கள். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.

1998இல் என்னிடம் கேட்ட அந்தத் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் இதுதான்.